ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்த கொள்ளுத் தாத்தா: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கொள்ளுப்பேத்தி:

வணக்கம். என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பாட்டியின் அம்மா அதே மேடைகளில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போட்டவர். பாட்டி உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. வள்ளி திருமணம் நாடகம். இருவர் பெயரும் அதில் இருக்கின்றன. இரண்டு பெயருக்கும் முன்னால் வெவ்வேறு ஊர்கள். அந்த ஊர்களில் எங்களுக்கு உறவென்று யாரும் கிடையாது. மாசி மாதம், தேதி, கிழமை எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஆண்டு இருந்த மூலை கிழிந்துவிட்டது. அடியில் புதுக்கோட்டை அச்சகம் ஒன்றின் பெயர்.

பாட்டியின் தங்கை இன்னும் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே புரிகிறது. கேட்டால் "அந்தக் கதையெல்லாம் எதுக்கு?" என்று எழுந்து போய்விடுகிறார்.

இவர்கள் யார், எங்கே பிறந்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்று அறிய வழி உண்டா? அரசர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வம்சாவளி இருக்கிறது. ஊர் ஊராகப் போய் விடிய விடிய வாசித்தவருக்கு ஒன்றும் இராதா?

வைகைக்கரை:

இருக்கிறது அம்மா. நாடகக்காரர்களைப் போல அச்சில் பெயர் வந்த ஏழைகள் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. தேடும் முறைதான் வேறு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பெனி நாடகம் வேறு, ஸ்பெஷல் நாடகம் வேறு. கம்பெனி என்றால் ஒரு முதலாளி, ஒரு வாத்தியார், ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கும் கூட்டம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். ஸ்பெஷலில் அப்படி இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொதுவான பாடம் என்பதால் மேடையில்தான் சந்திப்பு. ஆகவே உங்கள் நோட்டீஸில் உள்ள மற்றவர்கள் உங்கள் கொள்ளுத் தாத்தாவின் கூட்டத்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெயருக்கு முன் உள்ள ஊர் பிறந்த ஊராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்தது திருமருகலில். உலகத்துக்கு அவர் திருவாவடுதுறை. கலைஞருக்குத் தாம்பூலம் கொடுக்க எந்த ஊருக்கு ஆள் போக வேண்டுமோ அந்த ஊர்தான் நோட்டீஸில் நிற்கும். தொழில் நடந்த ஊர் அது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உண்டு. கலைஞர்களின் பெயரும் படமும் போட்டுக் காலண்டர் அச்சிடுவது அவர்கள் வழக்கம். உங்களிடம் இருக்கும் நோட்டீஸின் நகலை எடுத்துக்கொண்டு போய் மூத்த ஆர்மோனியக்காரர் யாரையாவது பாருங்கள். ஆர்மோனியம் குருவிடமிருந்து சீடனுக்குப் போகும் வித்தை. "இன்னாரிடம் பழகியவர் யார்" என்று கேட்டால் பதில் வரும்.

ஆவணப்பிரியன்:

நோட்டீஸின் ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். மாசித் தேதியும் கிழமையும் இருக்கின்றன அல்லவா? குறிப்பிட்ட தமிழ்த் தேதி குறிப்பிட்ட கிழமையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விழும். பழைய பஞ்சாங்கங்களை வைத்து 1920 முதல் 1950 வரை சரிபார்த்தால் ஒரு சில ஆண்டுகளே மிஞ்சும். பிறகு நோட்டீஸையே படியுங்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கா, எலக்ட்ரிக் லைட்டா? மைக் பற்றிப் பேச்சு உண்டா? தரை டிக்கெட் என்ன விலை? யாராவது "சினிமா புகழ்" என்று போட்டிருக்கிறார்களா? தமிழில் பேசும் படம் 1931இல் வந்தது, ஆகவே அந்தச் சொல் இருந்தால் அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பெரும்பாலும் அடித்துவிடலாம். அச்சகத்தின் பெயரும் ஊரும் போட வேண்டும் என்பது பிரிட்டிஷ் இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த கட்டாயம். அந்த அச்சகம் எந்த ஆண்டுகளில் இயங்கியது என்பது இன்னோர் எல்லை.

அதே 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களைக் காலாண்டுக்கு ஒருமுறை பட்டியலிட்டு அரசு வெளியிட்டது. காலணா, அரையணாவுக்கு விற்ற நாடகப் பாட்டுப் புத்தகங்களும் அதில் அடங்கும். பாட்டு எழுதிய வாத்தியார்களைத் தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீஸ்களும் நிறைய இருக்கின்றன. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தவை அவை. நேரில் போகுமுன் நாடகப் பெயர், ஊர், உத்தேச ஆண்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ஆளின் பெயரை மட்டும் சொன்னால் தேடித் தருவது அவர்களுக்கும் கடினம்.

பழையதட்டு:

நான் 78 சுற்று இசைத்தட்டுகள் சேர்ப்பவன். 1930களில் கோவலன், பவளக்கொடி, வள்ளி திருமணம் எல்லாம் "நாடக செட்" என்று பல தட்டுகளாக வந்தன. பாடியவர்கள் பெயர் லேபிளில் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இராது. புகழ்பெற்ற நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்த காசி ஐயர் அவருடைய அண்ணன் என்பதால் நமக்குத் தெரிகிறது. அந்தப் பேறு பெறாத எத்தனையோ பேர் தட்டுக்குள் வெறும் நாதமாகவே நின்றுவிட்டார்கள். இது எனக்கு எப்போதும் ஆறாத வருத்தம்.

ஆகவே உங்கள் கொள்ளுப் பாட்டியை லேபிளில் தேடுங்கள். கொள்ளுத் தாத்தாவை அவர் வழியாகக் கண்டுபிடியுங்கள். லேபிளில் பெயருக்கு முன் "மிஸ்" என்று இருக்கலாம், ஊர் இருக்கலாம், இயற்பெயர் இல்லாமலும் போகலாம். கோயம்புத்தூர் தாயி என்று புகழ்பெற்ற பாடகிக்கு இயற்பெயர் பழனிகுஞ்சரம். தட்டில் அந்தப் பெயரைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

வானொலி நிகழ்ச்சிப் பட்டியல்களையும் சிலர் பார்க்கச் சொல்வார்கள். சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. பாடகிக்கு அது பயன்படும். ஆர்மோனியக்காரருக்குப் பயன்படாது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது; தடை தளரவே 1971 ஆயிற்று. ஒரு தலைமுறை வாத்தியக்காரர்களை அரசாங்கப் பதிவேட்டிலிருந்தே அழித்த உத்தரவு அது. உங்கள் கொள்ளுத் தாத்தா வானொலியில் இல்லை என்றால் அவருக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கொள்ளுப்பேத்தி:

அனைவருக்கும் நன்றி. வானொலித் தடை எனக்குப் புதிய செய்தி. உறவினர் வீட்டில் காலால் மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது, அது அவருடையது என்கிறார்கள். அதைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? கொள்ளுப் பாட்டியின் இனிஷியல் ஏன் அவருடைய அப்பா பெயரோடு பொருந்தவில்லை என்பதும் விளங்கவில்லை. வீட்டில் ஓர் ஆண் பெயரைச் சொல்கிறார்கள், நோட்டீஸில் உள்ள எழுத்து வேறாக இருக்கிறது.

அமைதிவிரும்பி:

எல்லோரும் ஆர்வமாக எழுதுகிறீர்கள், ஒன்று கேட்கிறேன். பாட்டி மறைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? எங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் ஆர்வத்தில் கிண்டி எடுத்து எல்லோருக்கும் சொல்லப்போய், உறுதியான திருமணம் ஒன்று நின்றது. அந்தப் பெண்ணின் முகத்தை நான் மறக்கவில்லை. ஊர் மாறிவிட்டது என்று பேசுகிறோம். பெண் பார்க்க வரும்போது ஊர் மாறுவதில்லை. பாட்டி மூடிவைத்ததை மதிப்பதும் ஒரு மரியாதைதானே?

மேளக்காரர்பேரன்:

அமைதிவிரும்பி அவர்களுக்கு: அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் கொடுமை செய்தது அந்தத் திருமணத்தை நிறுத்தியவர்கள். முன்னோரைத் தேடியவர் அல்ல.

என் தாய்வழியில் கோயிலில் ஆடியவர்கள் உண்டு, தந்தைவழியில் நாதஸ்வரமும் தவிலும். இதை நான் தலைநிமிர்ந்து எழுதுகிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் கோயிலில் ஆடிப் பாடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியபோது, ஒவ்வொருத்தியின் பெயரையும், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டிவைத்தான். கல்லில் வெட்டும் அளவுக்கு மதித்த பெயர்களை நாம் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவைக்கும் நிலை பிற்காலத்தில் வந்தது. அந்த வாழ்க்கையில் துன்பமும் சுரண்டலும் இருந்தன, அதை மறைக்கவும் மாட்டேன். பெண்ணைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுவதை 1947இல் சட்டம் தடுத்தது சரியான செயல் என்பதே என் எண்ணம். ஆனால் வழக்கத்தை ஒழித்ததோடு நில்லாமல், அந்தப் பெண்கள் கற்ற கல்வியையும் பெற்ற பெயரையும் சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். நாம் தோண்டி எடுப்பது அந்தப் பெயரைத்தான்.

தங்கை கொள்ளுப்பேத்திக்கு: இனிஷியல் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கக்கூடும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் எஸ். அவருடைய தாயார் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் எல். தாயார் லலிதாங்கி. கே.பி. சுந்தராம்பாளின் பி. தாயார் பாலாம்பாள். இசைக் குடும்பங்களில் பெண்ணின் பெயருக்கு முன் தாயின் பெயர் நிற்பது இயல்பான வழக்கம். ஆகவே அந்த எழுத்தைக் கொள்ளுப் பாட்டியின் தாயார் பெயராக வைத்துப் பாருங்கள்.

அதற்காக, மேடையேறிய பெண்கள் எல்லோரும் ஒரே சமூகத்தார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதல் பேசும் படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்று அந்தணர் குடும்பத்திலிருந்து நாடகத்துக்கு வந்தவர். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். வறுமையில் வந்தவர்கள், கணவனை இழந்து வந்தவர்கள், பாட்டு ஆசையால் வந்தவர்கள் எல்லோரும் உண்டு. ஆவணம் சொல்லட்டும், அதுவரை பொறுங்கள். பழைய பதிவேடுகளில் "மேளக்காரர்", "நட்டுவர்", "தாசி" என்றெல்லாம் இருக்கும். "இசை வேளாளர்" என்பது 20ஆம் நூற்றாண்டில் நாமே சூட்டிக்கொண்ட பெயர். அந்தப் பெயரில் 1890ஆம் ஆண்டுப் பதிவைத் தேடினால் கிடைக்காது.

வைகைக்கரை:

பேரன் தம்பி சொன்னது சரி. அமைதிவிரும்பியின் கவலையையும் நான் ஒதுக்க மாட்டேன். தேடுவது ஒன்று, ஊருக்கு அறிவிப்பது வேறொன்று. இருப்பவர்களின் பெயர்களைப் பொதுவில் போடாதீர்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

கால் ஆர்மோனியம் பற்றி: மேல்பலகையைத் திறந்து பாருங்கள். பழுது பார்த்தவர்கள் உள்ளே பென்சிலில் பெயரும் தேதியும் எழுதிவைப்பது உண்டு. செய்தவரின் முத்திரைத் தகடும் இருக்கலாம். ரீடுகளைக் கழற்றாதீர்கள், வாத்தியம் தெரிந்தவர் கையால்தான் அது நடக்க வேண்டும்.

சின்னப் பாட்டி எழுந்து போகிறார் என்றீர்கள். அவரிடம் பெயர் கேட்காதீர்கள், பாட்டைப் போடுங்கள். கிட்டப்பா தட்டு, சுந்தராம்பாள் தட்டு எதையாவது அவர் காதில் விழும்படி வையுங்கள். நாடகக்கார வீட்டில் வளர்ந்த பிள்ளை, அம்மா பாடிய பாட்டு வந்தால் பேசாமல் இருக்க முடியாது. "இது அம்மா பாட்டு மாதிரி இல்லையே" என்று குறை சொல்லியாவது தொடங்குவார். அப்போதும் கேள்வி போடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் உண்டு. தாத்தா சின்ன வயதில் நடித்தாரா? சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பாடி நடித்த பிள்ளைகளுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் வேஷம் போய்விடும். குரல் திரும்பாதவர்கள் பலர் ஆர்மோனியமோ மிருதங்கமோ பழகிக்கொண்டு அதே மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். உங்கள் தாத்தாவும் அப்படி என்றால் அவரைக் கம்பெனிக் கதைகளிலும் தேடலாம். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் எழுதிய "எனது நாடக வாழ்க்கை" போன்ற நினைவுகளில் உடன் இருந்த பிள்ளைகள், பக்கவாத்தியக்காரர்கள் பெயர்கள் நிறைய வருகின்றன. நாதஸ்வர, தவில் குடும்பம் என்று தெரியவந்தால் பி.எம். சுந்தரம் எழுதிய "மங்கல இசை மன்னர்கள்" பாருங்கள். யாருக்கு யார் மகன், யாரிடம் பாடம் என்பதெல்லாம் அதில் உண்டு.

இணுவிலூரான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய 1914க்குப் பிறகு தமிழ்நாட்டு நடிகர்கள் இங்கே வந்து போவது எளிதாயிற்று. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் முதன்முதலில் சேர்ந்து நடித்ததே இலங்கை மேடையில்தான். கோயில் திருவிழாக்களுக்குச் சின்னமேளக் குழுக்கள், அதாவது சதிராட்டக் குழுக்கள், அங்கிருந்து வந்தன. தவில், நாதஸ்வரக் குடும்பங்கள் சில இணுவில், அளவெட்டிப் பக்கம் தங்கிவிட்டன. உங்கள் கொள்ளுப் பாட்டி இங்கே வந்து போனாரா என்று சின்னப் பாட்டியிடம் விசாரியுங்கள். பிள்ளை ஏதாவது இங்கே பிறந்திருந்தால் பிறப்புப் பதிவில் தகப்பனின் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொழில் என்ற ஒரு கட்டம் எத்தனையோ குடும்பங்களின் முடிச்சை அவிழ்த்திருக்கிறது. "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய மலர்களும் பத்திரிகைகளும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன.

சிங்கைவாசகி:

மலாயா, சிங்கப்பூருக்கும் நாடகக் குழுக்கள் வந்தன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கிறது. பழைய அச்சு என்பதால் தேடற்பெட்டியை மட்டும் நம்பாதீர்கள், விளம்பரப் பக்கங்களைக் கண்ணால் புரட்டுங்கள்.

கொள்ளுப்பேத்தி:

வைகைக்கரை ஐயா, உங்கள் யோசனைப்படி கிட்டப்பா பாட்டை வைத்தேன். சின்னப் பாட்டி அடுத்த அறையிலிருந்து கூடவே பாடத் தொடங்கிவிட்டார், இரண்டாவது அடி எங்கள் யாருக்கும் தெரியாதது. அன்று மாலை முழுவதும் பேசினார்.

கொள்ளுத் தாத்தா சிறுவனாக ஒரு பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர்தான். குரல் உடைந்த பிறகு அங்கிருந்த வாத்தியாரிடமே ஆர்மோனியம் பழகியிருக்கிறார். இனிஷியல் விஷயத்தில் மேளக்காரர்பேரன் அண்ணன் சொன்னதுதான் உண்மை. அது கொள்ளுப் பாட்டியின் தாயாருடைய பெயர். அந்தத் தாயாருக்கு ஒரு கோயிலில் மானிய நிலம் இருந்ததாம். கிராமத்தின் பெயரும் கிடைத்துவிட்டது, அறந்தாங்கிப் பக்கம்.

"எங்கம்மா பாட்டுக்கு நடு ராத்திரியில் ஊரே விழித்திருக்கும், காலையில் அதே ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் யோசிப்பார்கள்" என்றார். அக்காவும் தானும் இனி இந்தப் பேச்சு வேண்டாம் என்று திருமணத்தின்போது பேசி வைத்துக்கொண்டார்களாம். அமைதிவிரும்பி அவர்களே, நீங்கள் சொன்ன காரணம் இருக்கத்தான் செய்தது. அதனால் சின்னப் பாட்டியிடமே அனுமதி கேட்டேன். வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிவை, இணையத்தில் பெயரைப் போடாதே என்றார். அப்படியே செய்வேன்.

அமைதிவிரும்பி:

கேட்டுச் செய்தீர்களே, அதுவே எனக்குப் போதும். தண்ணீர் பற்றி அவர் சொன்னதைக் கட்டாயம் எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

ஆவணப்பிரியன்:

மானிய நிலம் என்றால் உங்களுக்குப் பெரிய கதவு திறந்திருக்கிறது. 1860களில் இனாம் கமிஷன் சென்னை மாகாணத்தில் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, விசாரணை நேரத்தில் யார் அனுபவிக்கிறார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. கோயிலில் ஆடிய, பாடிய பெண்கள் என்றால் தாய், மகள், பேத்தி என்று பெண்வழியாகவே பதிவு போகும். ஆண்வழியில் தேடித் தேடிச் சலித்தவர்கள் இதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். பிறகு 1929இல் வந்த சட்டத் திருத்தம், தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கியது. ஆகவே 1930களின் நில ஆவணங்களிலும் அந்தத் தாயாரின் பெயரோ மகளின் பெயரோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நிலத்தைப் பின்னால் விற்றிருந்தால் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். இணையத்தில் கிடைக்காத பழையவற்றுக்கு அங்கேயே மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

மனு எழுதுமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் 1974இல் உருவானது. அறந்தாங்கி வட்டம் அதற்கு முன் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அப்படியானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதிக் கேட்க வேண்டும். கிராமம் எல்லைக்கு அந்தப் பக்கம், 1948 வரை தனி அரசாக இருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே இனாம் ஒழுங்கு 1888இல் தனியாக நடந்தது, 1929ஆம் ஆண்டுத் திருத்தமும் செல்லாது. அறந்தாங்கிப் பக்கம் என்று வாய்ப்பேச்சில் சொல்லும் ஊர்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

கிராமத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம். பழைய வட்டம் எது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், எந்த அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று மனுவை நானே வரைந்து தருகிறேன்.

பழையதட்டு:

நோட்டீஸை லேமினேட் செய்துவிடாதீர்கள், பசையும் சூடும் பழைய தாளைத் தின்றுவிடும். இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து, அமிலமில்லாத தாளுக்கு நடுவே மடிக்காமல் வையுங்கள். சின்னப் பாட்டி பாடிய அந்த இரண்டாவது அடியை அவர் சம்மதித்தால் ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். என்னிடம் உள்ள கிட்டப்பா தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். தட்டில் இல்லாத அடி என்றால் அது நேராக மேடையிலிருந்து வந்த பாடம், தாமதிக்காதீர்கள்.